அமீனா வந்த நாளில் அஞ்சலை அக்கா

முந்தாநாள் காலை அப்பா வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது முனியாண்டி அண்ணன் எங்கள் வீட்டுப் படிக்குக் கீழே வந்து நின்றார். "ஐயா, அஞ்சலையக்கா விடியக்காலையில போயிருச்சுங்க. பெரிய ஆஸ்பத்திரியில. காச்ச எறங்கவே இல்ல" என்றார்.

அப்பா மற்றச் செருப்பையும் மாட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுத் திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"சாவி எங்ககிட்டத்தாங்க இருக்கு. பதினாறு முடியட்டும். கழுவி விட்டுட்டுக் குடுத்துர்றோம்."

நான் ஜன்னலுக்குப் பின்னால் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அழுகை வெளியே கேட்கக் கூடாது என்று ரிப்பனை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அம்மா பார்த்தார். மீதித் தலையை அவரே பின்னிவிட்டார். அஞ்சலை அக்காவின் பெயரை எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லாரும் தூங்கிய பிறகு, ஒரு கொப்பியிலிருந்து கிழித்த தாளில் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் விளக்கைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கருமாதியன்று நீங்கள் எல்லாரும் கூடும்போது முனியாண்டி அண்ணன் இதை வாசிக்க வேண்டும். அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பவர் என்பதால் பெரிய சொற்கள் எதுவும் போடவில்லை. அக்காவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் லைனுக்குப் புதிதாக வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வீட்டுக்காரரின் மகள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரே வரிசையாக இருக்கும் அந்த லைனின் ஆறு வீடுகளும் அப்பாவுடையவை. அஞ்சலை அக்கா ஆறாவது வீட்டில் குடியிருந்து, ரயில்வே பட்டறையிலும் வேறு சில இடங்களிலும் வேலை செய்யும் பதினான்கு தனியாட்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார். காலையில் பதினான்கு தூக்குச்சட்டிகள் வெளியே போகும், மாலையில் காலியாகத் திரும்பி வரும். அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வாய் இருந்தது. சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "பருப்பு நீந்தக் கத்துக்கட்டும்" என்பார்.

மாத முதல் ஞாயிறு அப்பா வாடகை வாங்கப் போவார். ரசீது எழுத என்னையும் கூட்டிப் போவார், என் இங்கிலீஷ் எழுத்து அழகாக இருக்கும் என்பதால். அப்பாவைக் கண்டதும் எல்லா வீட்டிலும் வாசலுக்கு வந்து, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையும் சேர்த்துக் கும்பிடுவார்கள். அஞ்சலை அக்கா மட்டும் கரண்டியோடு வருவார். "கையில வேலையா இருக்கேன் ஐயா, கும்பிட முடியல" என்பார். அப்பாவுக்கு அது பிடிக்காது. ஆனால் வாடகை நேரத்துக்கு வந்ததால் கரண்டியைப் பொறுத்துக்கொண்டார்.

பிறகு உலகமெல்லாம் வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள். பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள். அக்காவின் பதினான்கு பேரில் பதினொரு பேருக்கு வேலை போனது. அந்த மாதம் மற்ற வீடுகளில், "அடுத்த வாரம் ஐயா", "தம்பி சம்பளம் வந்ததும் ஐயா" என்று எதையோ சொன்னார்கள். அக்கா, "இந்த மாசம் இல்லை" என்றார். அவ்வளவுதான்.

"ஏன் இல்லை?" என்று அப்பா கேட்டார்.

"சாப்பிட்டவங்க காசு குடுக்கல."

"வேலையில்லாதவனுக்கு என்னத்துக்குச் சோறு போடுறீர்?"

"பசிக்குதாம்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அப்பாவின் கழுத்து சிவந்தது. "உங்கட ஊருக்கு இலவசமாக் கப்பல் விடுறாங்கள். ஏறிப் போறதுதானே" என்றார். அக்கா கரண்டியால் அடுப்பைக் காட்டினார். "என் அடுப்பு இங்க எரியுதுங்க. அங்க போயி எதைப் பத்த வைக்க?"

அப்பாவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவருடைய சம்பளத்தையும் வெட்டியிருந்தார்கள். அந்த வீடுகள் கட்ட வாங்கிய கடனுக்கு அவர் வட்டி கட்ட வேண்டியிருந்தது. அம்மா தன் இரண்டு காப்புகளைக் கழற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். அப்பா பொல்லாதவர் இல்லை, பயந்தவர். அவருடைய ஆபீசுக்கு ஒரு தடவை சாப்பாடு கொண்டுபோனபோது, துரை வந்ததும் அவர் குடையைச் சுவரில் சாத்திவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார்.

மூன்று மாதம் வாடகை வராததும் அப்பா இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் எழுதி, அக்காவிடம் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார். நான் நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. மாவு ஆட்டிக்கொண்டே, "எனக்கு இது நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு. நீயே படிச்சுச் சொல்லு பாப்பா" என்றார். சுற்றிலும் வேலை போன அண்ணன்மார் உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா... வாடகையைக் கொஞ்சம் சீக்கிரம் தரச் சொல்லியிருக்கிறார்" என்றேன்.

அக்கா தாளை எட்டிப் பார்த்தார். "எழுதினது இம்புட்டு நீளமா இருக்கு. நீ சொல்றது துளியூண்டு இருக்கே. உள்ளதைச் சொல்லு. அதைக் கேக்கிற தைரியம் எனக்கு இருக்கு, படிக்கிற தைரியம் உனக்கு இருக்கா?"

படித்தேன். இருபத்தொரு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டு அமீனா வந்து சாமான்களைப் பறிமுதல் செய்து ஏலம் விடுவார். படித்து முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா அழவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு எனக்கு ஒரு குவளை சுக்குக் காப்பி கொடுத்தார். அந்த வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அது அக்காவுக்கும் தெரியும். "குடிச்சாக் குடி, இல்லாட்டி வச்சிரு" என்றார். குடித்தேன்.

"இதுக்குப் பின்னால பதில் எழுதுவியா?"

எழுதினேன். அவர் சொன்னது மூன்றே வரி. வாடகை தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு.

அப்பா அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை, யாருடைய எழுத்து என்றுதான் பார்த்தார். அன்று வாங்கிய அடி தோளில் ஒரு வாரம் இருந்தது.

அக்காவிடம் சாப்பிடுகிறவர்களில் ஒருவர் கோர்ட்டில் பியூன். அவருக்கு வேலை போகவில்லை, ஆனால் சீட்டாட்டம் உண்டு. அதனால் அவரும் இரண்டு மாதம் பாக்கி வைத்திருந்தார். நோட்டீஸ் விஷயம் கேள்விப்பட்டு அவர் அக்காவிடம் வந்து ரகசியமாகச் சொன்னார்: அமீனா பொழுது விழுந்த பிறகு எதையும் எடுக்கக் கூடாது. அதுபோல, ஒருவர் கையில் வைத்துப் புழங்கிக்கொண்டிருக்கும் பொருளையும் பறிக்கக் கூடாது. சட்டத்திலேயே இருக்கிறதாம். அமீனா என்றைக்கு வருவார் என்று தெரிந்ததும் வந்து சொல்வதாகவும் சொன்னார். அக்கா இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ரெண்டு மாசச் சோத்துக்கு ஒரு சட்டம் குடுத்தான் பாரு. இது நல்ல யாவாரம்."

அமீனா வந்தது ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு முடிந்து லைன் வழியாக வந்துகொண்டிருந்தேன். ஆறாவது வீட்டிலிருந்து அக்கா கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. உன் கை ரெண்டும் சும்மாத்தானே இருக்கு?"

உள்ளே போனேன். வீடு நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாமான். பதினான்கு தூக்குச்சட்டிகளையும் திறந்துவைத்து அண்ணன்மார் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அம்மியில் மிளகாய் அரைத்தார். ஒருவர் பாயில் படுத்திருந்தார், அது தூக்கம் என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டைப் பிடித்திருந்தார்கள். முனியாண்டி அண்ணன் அந்தப் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். பித்தளைக் குடம் ஒன்றுதான் மிச்சம்.

"இதைத் தூக்கிக்கிட்டுக் குழாயடிக்குப் போ, தண்ணி புடிச்சுத் தொட்டியில ஊத்து, திரும்பிப் போ. நிக்காதே. அவ்வளவுதான்" என்றார் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பாவும் கூட வருவாரு. பயமா இருந்தா இப்பவே வீட்டுக்குப் போயிரு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டேன்.

அமீனா காக்கிக் கோட்டும் தலைப்பாகையுமாக, சாக்பீஸோடு வந்தார். எடுக்கும் சாமானில் கோடு போடுவது அவர் வழக்கம். வாசலில் நின்று உள்ளே பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னப்பா, மூணு மணிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

"பசிங்க. வேலை போனதுலேருந்து நேரங்கெட்ட நேரத்துல பசிக்குது."

"ஒரே உருண்டையை எம்புட்டு நேரம் பிசைவே?"

"பல்லு வலிங்க ஐயா. நல்லாப் பிசைஞ்சாத்தான் எறங்கும்."

"அங்க படுத்திருக்கிறவன் உசுரோட இருக்கானா?"

படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "இருக்கேங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அமீனாவும் சிரித்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து அப்பா உள்ளே வந்தார்.

முனியாண்டி அண்ணன், இந்த இடத்தை விட்டுவிட்டு வாசிக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அப்பாவைக் கண்டதும் நீங்கள் எழுந்தீர்கள். பல வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தவர் நீங்கள். நாரைக் கீழே போட்டு, அண்டாவை விட்டு இரண்டடி தள்ளி நின்று, இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டீர்கள். உங்களைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு எழுந்தார்கள். அமீனா பாவம், அவருக்கும் வேலை இருக்கிறது. அண்டாவில் கோடு விழுந்தது. அந்த இரண்டு தூக்குச்சட்டிகளிலும் விழுந்தது. கையைப் பிரித்து நீங்கள் அண்டாவைப் பிடிக்கப் போனபோது காரியம் முடிந்திருந்தது. ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அக்கா உங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விடு முனியாண்டி. கைக்குப் பழகிப்போச்சு. அண்டா போனா மண்ணெண்ணெய்த் தகரத்துல ஆக்குவேன். இனிமே கும்பிடணும்னு கை தானாப் போச்சுன்னா, எதையாவது புடிச்சுக்க" என்றார். முந்தாநாள் எங்கள் படிக்குக் கீழே நின்று சாவு சொன்னபோது நீங்கள் இரண்டு கையாலும் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தீர்கள். நான் பார்த்தேன்.

இவ்வளவையும் நான் பார்த்தது, குழாயடியிலிருந்து திரும்பிப் பின்வாசலில் நின்று. அதன் பிறகுதான் குடத்தோடு உள்ளே வந்தேன். குடம் இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. எங்கள் வீட்டில் தண்ணீர் எடுக்க ஆள் உண்டு, நான் குடம் தூக்கியதே இல்லை. பள்ளிக்கூட உடுப்பு நனைந்து காலில் ஒட்டியிருந்தது. அப்பாவின் முகம் முதலில் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிறகு கண்டுகொண்டது.

"பரமேசு! நீ இஞ்ச என்ன செய்யிறாய்?"

குடத்தை இடுப்பில் ஏற்றிப் பிடித்தேன்.

"உந்தக் குடத்தைக் கீழ வை."

சாப்பிட்டவர்கள் பிசைவதை நிறுத்திவிட்டார்கள். அமீனா சாக்பீஸை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"கீழ வை எண்டு சொல்லுறன். விளங்கேல்லையோ? இந்தச் சனத்தின்ர தண்ணியைச் சுமக்கவோ உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினனான்?"

அக்கா அப்போதுதான் திரும்பினார். கையில் கரண்டி. "பாப்பா, வைக்கிறதுன்னா வச்சிரு. அது எங்க அம்மா குடுத்த குடம்தான், ஆனா குடம்தானே. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார்.

வைத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தாண்டிச் சிந்தியது. "தண்ணி... இன்னும் தொட்டியில ஊத்தேல்லை அப்பா" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவரைத் தாண்டி நடந்தேன். அவர் உடுப்பில் என் குடத்துத் தண்ணீர் பட்டது. ஊற்றிவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். அமீனா வாசலில் குந்தி உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மிளகாய் அரைத்தவர் அதே மிளகாயை ஆறு மணி வரை அரைத்தார், கண்ணெல்லாம் கொவ்வைப்பழம். சோறு தீர்ந்து, வெறும் சட்டியை வழித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி நிறைந்து வழிந்த பிறகு நான் பின்னால் இருந்த வாழைக்கு ஊற்றினேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கியதும் அமீனா எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். "பொழுது போச்சு ஐயா. இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல" என்று அப்பாவிடம் சொன்னார். அண்டாவையும் இரண்டு தூக்குச்சட்டிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றினார். போகும்போது அக்காவிடம், "மாசச் சாப்பாடு என்ன விலை?" என்று கேட்டார்.

"உங்களுக்கு முன்பணம்" என்றார் அக்கா.

வீட்டுக்குப் போனதும் எனக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதப் போவதில்லை. ஒரு மாதம் பள்ளிக்கூடம் இல்லை. அதன் பிறகு லைன் வழியாக நடக்கத் தடை. அக்காவின் பெயருக்குத் தடை. ஆனால் அக்கா வீட்டை விட்டுப் போகவில்லை. அப்பா மறுபடி அமீனாவைக் கூப்பிடவும் இல்லை. அண்டா ஏலத்தில் போன காசு அமீனாவின் கூலிக்கும் வண்டிக்கும் சரியாகப் போயிற்று என்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. மறுபடி கூப்பிட்டால் அந்த வாசலில் யார் குடத்தோடு வருவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் வாடகை வந்தது. மாதாமாதம் வரவில்லை, வந்தபோது வந்தது. உங்களில் கிள்ளான் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போனவர்கள், சம்பள நாளில் ரயில் ஏறி வந்து அக்காவிடம் பழைய பாக்கியைக் கொடுத்தீர்கள். அதை அவர் அப்படியே கொண்டுவந்து எங்கள் படியில் நின்று, "ரசீது குடுங்க ஐயா" என்பார். கும்பிட்டதில்லை.

அக்கா போன அன்று இரண்டு மாத வாடகை பாக்கி. அப்பா அதை நேற்றுச் சாப்பிடும்போது இரண்டு தடவை சொன்னார். அது பொய் இல்லை. உள்ளதைச் சொல்லு என்று அக்கா சொன்னதால் அதையும் எழுதுகிறேன். கூடவே இன்னொன்றையும் எழுதுகிறேன். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்த அந்த வருஷத்தில், பதினொரு பேர் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. அதற்கு யார் யாரிடம் ரசீது கேட்பது?

இதற்குக் கீழே இருப்பதைக் கருமாதி வரை வைத்திருக்காமல், தாள் கைக்கு வந்ததுமே முனியாண்டி அண்ணன் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். பதினாறு முடிவதற்குள் அப்பா வேறு பூட்டோடு வரலாம். நேற்று அம்மாவிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஆள் இல்லாமல் விடாதீர்கள். சாவியை அன்றைக்கு முன் கொடுக்காதீர்கள்.

அக்காவின் சாமான் எதுவும் எனக்கு வேண்டாம். குடம் உங்கள் லைனிலேயே புழங்கட்டும். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு சாயங்காலம்தான். பயம் போகட்டும், பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் இன்னும் நான் குழாயடியிலேயே நின்றிருப்பேன். பயம் போகவில்லை. அதோடுதான் நடந்தேன். இப்போதும் அப்பா இருமுகிறார், விளக்கைக் குறைக்கிறேன், மறுபடி ஏற்றி எழுதுகிறேன்.

கருமாதிக்கு நான் வருவேன். காலையிலேயே அப்பாவிடம் சொல்லிவிடுவேன், அவர் என்ன செய்தாலும் சரி. பந்தியில் பரிமாற ஆள் தேவைப்படும். எனக்கு ஒரு சாம்பார் வாளி எடுத்து வையுங்கள். பாதி ஊற்றிக் கொடுக்க வேண்டாம், நிறைய ஊற்றியே கொடுங்கள்.